வேலியில் இருந்த பொட்டு

போன வருடம் ஆவணியில், கிளிநொச்சியில், எங்கள் பின்வளவுக்கு அடுத்த வளவில் ஒரு செத்தவீடு. பறைச் சத்தம் எங்கள் குசினிக்குள் நின்றாலும் நெஞ்சில் வந்து விழுந்தது. யார் ஒப்பாரி வைக்கிறார்கள் என்பதைக் குரலை வைத்தே அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வாசல் 60 மீற்றர் இருந்தால் அதிகம். ஆனால் நானும் அம்மாவும் அந்தப் படலையைப் போய்த் தொட முக்கால் மணித்தியாலம் பிடித்தது. எங்கள் ஒழுங்கையால் வாய்க்கால் ரோட்டுக்கு வந்து, வாய்க்கால் ரோட்டால் ஏ9 பெருவீதிக்கு ஏறி, வீதிக்கரையால் நடந்து, அடுத்த வாய்க்கால் ரோட்டுக்குள் இறங்கி, பிறகு அவர்களுடைய ஒழுங்கை. அம்மாவுக்கு 78 வயது. முழங்கால் வருத்தம். ஓட்டோ பிடிப்பம் என்றேன், "பக்கத்து வீட்டுச் செத்தவீட்டுக்கு ஓட்டோவிலையே போறது?" என்று மறுத்துவிட்டார். பாதி வழியில் ஒரு கடை வாங்கில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "முந்தியெண்டால் பொட்டுக்குள்ளாலை பூந்து போய் இவ்வளவுக்கு ரெண்டு தரம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருப்பன்."

அன்றிரவு கைபேசியில் வரைபடத்தைத் திறந்து அளந்து பார்த்தேன். நடந்தது கிட்டத்தட்ட 2 கிலோமீற்றர். எனக்கு வீட்டுப்படம் வரைகிற தொழில். அளக்காமல் நித்திரை வராது.

வெளியூர் வாசகருக்குப் பொட்டு என்றால் என்னவென்று சொல்லவேண்டும். கிளுவையும் பூவரசும் நட்டு, இடையில் பனையோலையோ கிடுகோ வைத்துக் கட்டின வேலியில், ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு விட்ட ஓட்டைதான் பொட்டு. சில இடங்களில் இரண்டு கதியாலை, அதாவது வேலிக்கு நட்ட மரத்தடியை, சற்று விலக்கி நட்டிருப்பார்கள். ஆடு மாடு வராதபடி குறுக்கே ஒரு தடி கட்டினால் அது கடப்பு. பொட்டு யாருடைய காணி உறுதிப்பத்திரத்திலும் எழுதப்பட்டதில்லை, எந்த நில அளவையாளரின் படத்திலும் ஏறினதில்லை. ஆனால் ஊரின் பாதித் தெரு அதற்குள்தான் இருந்தது. பால் போனது, கடன் அரிசி போனது, பிள்ளைப்பெறு பார்க்கிற கிழவி நடுச்சாமத்தில் போனது எல்லாம் பொட்டால்தான். கோபம் வந்தால் முதலில் அடைபடுவதும் அதுதான். "பொட்டை அடைச்சுப் போட்டினம்" என்றால் அந்த இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஊர் விளங்கிக்கொள்ளும்.

இப்போது கிளிநொச்சியில் பெரிதாக ஒருவரும் ஒருவரோடும் கோபம் இல்லை. மதில் மட்டும் இருக்கிறது.

எங்கள் ஊர் எப்படி இந்த உருவத்துக்கு வந்தது என்பதைத் தண்ணீரில் இருந்துதான் தொடங்கவேண்டும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டினார்கள். யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குறைக்க 1936இல் இங்கே குடியேற்றம் தொடங்கியது. குளத்திலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வயல் வாய்க்கால். காணி துண்டு போட்டதும் ரோட்டு விட்டதும் அந்த வாய்க்காலின் கரையோடுதான். உருத்திரபுரம் பக்கம் டி8, டி10 என்று இன்றைக்கும் சனம் ஊர்ப்பெயராகச் சொல்வது வாய்க்கால் இலக்கத்தைத்தான். "எங்கை இருக்கிறியள்?" "டி8இலை." வெளியில் இருந்து வருபவர் ஏதோ சிறைச்சாலை அறை என்று நினைப்பார்.

வாய்க்காலுக்கு ஒரு குணம் உண்டு. அது மரம் மாதிரிக் கிளைக்கும், நுனியில் முடிந்துவிடும். இந்தக் கிளையின் நுனியும் அந்தக் கிளையின் நுனியும் சந்திக்கவேண்டிய தேவை தண்ணீருக்கு இல்லை. சந்தித்தால்தான் பிழை. வயலுக்குப் போகிறவனுக்கும் அது போதும்: காலையில் போவான், பின்னேரம் அதே வழியால் வருவான். ஆனால் அந்த வாய்க்கால் கரைகள் மேல் ஒரு பட்டினம் எழும்பும்போது கதை மாறுகிறது. பள்ளிக்கூடம் ஒரு கிளையில், ஆஸ்பத்திரி இன்னொரு கிளையில், ரியூசன் வேறொரு கிளையில். எதற்குப் போவதானாலும் அடிமரத்துக்கு இறங்கி ஏறவேண்டும். எங்கள் அடிமரம் ஏ9. கொழும்பு பஸ்ஸும், மணல் டிப்பரும், வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் போகிற ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே அடிமரத்தில்.

ஐயாவுக்குக் கிடைத்த மேட்டுக்காணி 2 ஏக்கர். வாய்க்கால் ரோட்டில் 40 மீற்றர் முகப்பு, பின்னுக்கு 200 மீற்றர் ஆழம். நீண்டு ஒடுங்கின காணி. எங்கள் பின்வேலிக்கு அப்பால் இருப்பதும் அதே மாதிரியான காணி. அதன் முகம் அடுத்த வாய்க்கால் ரோட்டைப் பார்க்கிறது. முதுகோடு முதுகு வைத்துப் படுத்த இரண்டு பேர் மாதிரி. நாங்கள் நான்கு பிள்ளைகள், ஆளுக்கு 8 பரப்பு, அதாவது அரை ஏக்கர். முன்பங்கு பெரியண்ணைக்கு, கடைசிப் பங்கு எனக்கு. ஓரமாக 10 அடிப் பாதை விட்டு, அந்தப் பாதை என் வாசலோடு முடிகிறது. பின்னால் இருக்கிறவர்களும் அச்சொட்டாக இதையே செய்தார்கள்: நான்கு பங்கு, ஓரத்தில் 10 அடி, கடைசி வீட்டோடு முடிவு. ஆக, இரண்டு ஒழுங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி வந்து ஒரு வேலியின் இரு பக்கமும் நிற்கின்றன. சேர்த்து வைக்க ஆளில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பன்னிரண்டு வருடமாக வீட்டுப்படம் வரைகிறேன். கடனுக்கு விண்ணப்பிக்கிறவர்கள், வெளிநாட்டுக் காசில் கட்டுகிறவர்கள், அரைச்சுவரோடு நின்றுபோனதை முடிக்கிறவர்கள் எல்லோரும் காணிப்படத்தோடு வருவார்கள். பாதி வளவுகளுக்குப் படத்தில் ஒரே ஒரு பக்கத்தில்தான் "10 அடிப் பாதை" என்றிருக்கும், மற்ற மூன்று பக்கமும் இன்னாருடைய காணி. இங்கே பெரும்பாலும் அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்தது. அதை நினைத்தபடி துண்டாட முடியாது, அனுமதி வேண்டும். குடியேற்றவாசி துண்டு துண்டாக விற்று வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த கட்டுப்பாடு அது. நடப்பில் என்ன? பிள்ளைகள் கல்யாணம் முடிக்கத்தான் செய்தார்கள், வீடு வேண்டித்தான் இருந்தது. பிரிப்பு குடும்பத்துக்குள், வாய்ப்பேச்சில், கயிறு பிடித்து நடந்தது. சட்டப்படி நடக்காத பிரிப்புக்கு யார் வந்து "இந்த ஒழுங்கையை அந்த ஒழுங்கையோடு சேர்" என்று சொல்லமுடியும்? யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் "வழி வாய்க்கால் உரிமை" என்று ஒரு வரி கட்டாயம் வரும். இங்கே வாய்க்கால் தாராளமாகக் கிடைத்தது, வழிக்குத்தான் வழியில்லை.

தெரு வலையின் துண்டிப்பைப் பற்றி உலகளவில் ஓர் ஆய்வு 2020இல் வந்தது. பாரிங்டன்-லீ, மில்லர்ட்-போல் என்ற இருவர் செய்தது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தில் உள்ள சந்திகளையும் தெருக்களையும் எடுத்து, எத்தனை முட்டுச்சந்து, எத்தனை மூன்று வழி, எத்தனை நான்கு வழி, நேர்த்தூரத்துக்கு எவ்வளவு சுற்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சனத்தொகையில் பெரிய 134 நாடுகளில் 90 வீதமானவற்றில், 1975க்குப் பிறகு புதிதாக எழும்பின பகுதிகளின் தெருக்கள் முன்னையதைவிடத் துண்டுபட்டுப் போயிருக்கின்றன. 2000க்குப் பிறகு நிலைமை திருந்துகிற நாடுகள் 29 வீதம்தான். வேலிக்குள் தனியூராக அடைந்து கிடக்கிற குடியிருப்புகளின் வளைந்து சுற்றும் தெருக்களின் பங்கு அந்தக் காலத்துக்குள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கிறது.

எனக்கு அதில் பிடிபட்ட இடம் வேறு. தொடக்கத்தில் துண்டுபட்ட இடம் பிறகும் துண்டுபட்டபடியே வளர்கிறது என்கிறார்கள். வீடு இடியும், திரும்பக் கட்டலாம். தெரு அப்படியில்லை. கிளிநொச்சியில் இருப்பவனுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை. 2009 தையில், போர் தாண்டிப் போனபோது, இந்தப் பட்டினத்தில் கூரையோடு நின்ற வீட்டை விரல்விட்டு எண்ணலாம். தண்ணீர்த் தாங்கியே சரிந்து கிடந்தது. 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வேலி இல்லை, மதில் இல்லை, எல்லைக்கல்லையும் பற்றைக்குள் தேடித்தான் கண்டுபிடித்தோம். ஊர் முழுவதும் ஒரே வெளி. பின்வளவு அண்ணையின் தறப்பாள் கொட்டிலுக்கு நான் நேராக நடந்து போய் அரிவாள் வாங்கி வந்தது நினைவிருக்கிறது. என் வாழ்நாளில் அந்தப் பட்டினத்தின் தெருக்கள் முழுதாகச் சேர்ந்திருந்தது அந்த ஐந்தாறு மாதந்தான். பிறகு ஒவ்வொருவரும் பழைய எல்லையைக் கண்டுபிடித்தோம். முட்கம்பி இழுத்தோம். அதே நீண்டு ஒடுங்கின காணிகள், அதே முட்டு ஒழுங்கைகள்.

2012இன் பிற்பகுதியில் இந்திய வீட்டுத்திட்டம் பெரிய அளவில் தொடங்கியது. வீட்டுக்கு 5,50,000 ரூபாய், பயனாளியே கட்டுவது. கட்டினோம். நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்தக் காசு வந்தது வளவுக்குள். வளவுக்கும் வளவுக்கும் இடையில் இருப்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை. பிறகு வந்த ஒழுங்கைத் திட்டங்களும் இருக்கிற கிறவல் ஒழுங்கைக்குக் கொங்கிறீற்றுப் போடுவதுதான். எத்தனை மீற்றர் போட்டோம் என்றுதான் பலகையில் எழுதுவார்கள். என் ஒழுங்கைக்கும் 200 மீற்றர் கொங்கிறீற்று வந்தது. அழகாக வந்து என் மதிலில் முட்டி நிற்கிறது.

அந்த மதிலைக் கட்டியது நான்தான். 2016இல். கள்ளர் பயம் என்று சொன்னேன். உண்மையில் முன்வீட்டார் கட்டிவிட்டார்கள், எனக்கும் வேண்டும்போல் இருந்தது. ஏழு அடி உயரம், மேலே போத்தல் ஓடு. கிளுவைக் கதியாலை அரிந்து எடுத்தபோது பொட்டு இருந்த இடம் நிலத்தில் தெரிந்தது. கால்பட்டு இறுகி, புல் முளைக்காத ஒரு வட்டம். அதன் மேல்தான் அத்திவாரம் வெட்டினோம்.

2018 மார்கழியில் அதற்கு விலை கொடுத்தோம். 21ஆம் திகதி இரவு பெய்த மழையை இந்தப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். இரணைமடு வான்கதவுகள் திறந்தார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. எங்கள் வாய்க்கால் ரோட்டில் மதகடியில் வெள்ளம் குறுக்கே பாய்ந்தது. அதுதான் ஒரே வழி. மதகுக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தனை வீடும் அடைபட்டது. பின்வளவுக்காரரின் ரோட்டு மேட்டில் இருக்கிறது, அங்கே உழவு இயந்திரம் வந்து சனத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. எங்களுக்குச் சத்தம் கேட்டது, லைற் தெரிந்தது. விடியப்புறம் முழங்காலளவு தண்ணீரில் மேசை வைத்து, அதன் மேல் ஏணி வைத்து, போத்தல் ஓட்டைச் சுத்தியலால் தட்டி, சாக்குப் போட்டு, அம்மாவைப் பிளாஸ்ரிக் கதிரையோடு தூக்கி மதிலுக்கு மேலால் இறக்கினோம். அந்தப் பக்கம் நின்று ஏந்தியது பின்வளவு அண்ணையும் அவருடைய மகனும். 2008 கடைசியிலும் எங்கள் சனம் முழுவதும் பரந்தன் – முல்லைத்தீவு வீதி என்ற ஒரே வழியில் நெரிந்து போனதைப் பார்த்தவர் அம்மா. கதிரையில் இருந்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளம் வடிந்தது. மதிலில் ஓடு பதித்து, பூச்சும் பூசினேன். ஏன் அப்போதே திறக்கவில்லை என்று என்னை நானே கேட்டால் பதில் இல்லை.

2019இல் பெரியம்மாவின் பேத்தி கல்யாணத்துக்குக் காரைக்குடி போனேன். அவர்கள் 1990இல் அகதியாகப் போய் அங்கேயே வேரூன்றியவர்கள். செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையோட்டையும் எல்லோரும் படம் பிடிப்பார்கள். நான் தெருவைத்தான் பார்த்தேன். கட்டம் போட்ட மாதிரி நேர்த்தெருக்கள். பெரிய வீடு ஒரு தெருவில் முன்வாசலைத் திறந்தால் அடுத்த தெருவில் பின்வாசலைத் திறக்கிறது. முதுகு என்ற ஒன்றே அந்த வீடுகளுக்கு இல்லை. ஒழுங்கை முட்டுகிறதுக்கு இடமே வைக்கவில்லை. நான் நடந்து வழிதவறவில்லை, தவறினாலும் அடுத்த தெருவால் திரும்பி வந்தேன்.

ஆனால் கல்யாண மண்டபம் இருந்தது பட்டினத்துக்கு வெளியே. அங்கே கதை வேறு. வயலையும் பொட்டலையும் மண் நிரவி, மஞ்சள் கல் நட்டு, வளைவு ஒன்று எழுப்பி, ஏதோ ஒரு "நகர்" என்று பெயர். ஒரு நகருக்குள் போக ஒரு வாசல். அதை ஒட்டியிருக்கிற மற்ற நகருக்குப் போகத் திரும்பப் பெருவீதிக்கு வந்துதான் போகவேண்டும். இரண்டு நகருக்கும் இடையில் ஒரு வரிசைக் கல்தான். தமிழ்நாட்டில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்ய 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது, அடுத்த வருடம் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. மருமகன் அதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னார். தானும் ஒரு மனை வாங்கி மாட்டுப்பட்டவர். கட்டணம் கட்டினால் மனைக்குத் தாள் கிடைக்கும். பக்கத்து மனைப்பிரிவுக்கு வழி கிடைக்குமா என்று கேட்டேன். "அது எதுக்கு சித்தப்பா? அவங்க நம்ம ரோட்டுல வண்டி விடுவாங்க" என்றார். கடல் கடந்து போயும் அதே மதில்.

குஜராத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு முறை இருக்கிறது. ஒரு பகுதியின் காணிகள் எல்லாவற்றையும் படத்தில் ஒன்றாக்கி, ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கைத் தெருவுக்கும் பொதுத் தேவைக்கும் எடுத்து, மிச்சத்தைச் சீரான துண்டாகத் திருப்பிக் கொடுப்பார்கள். காணி குறையும், ஆனால் எல்லாத் துண்டும் தெருவைப் பார்க்கும். அதை இங்கே செய்யலாமே என்று ஒரு கூட்டத்தில் வாய்திறந்தேன். 2010இல் ஊர் வெளியாகக் கிடந்தபோது செய்திருக்கவேண்டியது. ஆனால் அப்போது யாராவது அளவுக்கோலோடு வந்திருந்தால் நானே முதல் ஆளாகக் கல்லெடுத்திருப்பேன். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தவனிடம் "உன் காணியில் ஒரு பங்கு தா" என்று கேட்க யாருக்கு நாக்கு வரும்? காணி பிடிபட்டுப் போகும் என்ற பயம் எங்களுக்குச் சும்மா வந்ததில்லை.

ஏ9 ஓரத்தைப் பார்த்தால் இதன் மறுபக்கம் தெரியும். பரந்தன் சந்தி தொடங்கி, கரடிப்போக்கு, டிப்போ சந்தி தாண்டி அறிவியல் நகர் வரைக்கும் கடை மேல் கடை. நிதி நிறுவனம், கைபேசிக் கடை, ரைல்ஸ் கடை, மண்டபம். பட்டினம் பெருத்துவிட்டது என்று விமானத்தில் வந்து போகிறவர்கள் முகநூலில் எழுதுவார்கள். கடைக்குப் பின்னால் ஐம்பது அடி போய்ப் பாருங்கள்: எருக்கலையும் விடத்தலும். உள்ளே இருக்கிற காணியை எந்தப் பக்கத்தாலும் சுற்றி வரமுடியாது, அதனால் அங்கே கடை போட ஒருவரும் துணியமாட்டார்கள். எல்லோரும் வீதி முகப்புக்கு அடிபட, முகப்பு விலை ஏற, ஊர் அகலாமல் நீள்கிறது. பாம்பு மாதிரி ஒரு பட்டினம். அதோடு வேறு தண்டவாளம். 2013 புரட்டாதியில் ரயில் திரும்ப வந்தபோது நானும் வாழைக்குலை கட்டி வரவேற்கப் போனவன்தான். ஆனால் ரயில் இல்லாத இருபத்துச் சொச்ச வருடத்தில் தண்டவாளம் இருந்த தடம் எங்களுக்கு நடைபாதையாக இருந்தது, எங்கேயும் கடக்கலாம். இப்போது கடவை இருக்கிற இடத்தில்தான் கடக்கவேண்டும். அது சரியும்கூட.

செத்தவீட்டு எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு பின்வளவு அண்ணையிடம் போனேன், ஓட்டோவில். மதிலில் நாலடி திறந்து ஒரு சின்னப் படலை வைப்பம் என்றேன். மனிசருக்கும் சைக்கிளுக்கும் மட்டும்.

அவர் உடனே மறுக்கவில்லை. தேத்தண்ணி வந்தது. பிறகு, "தம்பி, உமக்கும் எனக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் திறந்தால் உங்கடை ஒழுங்கைச் சனம் முழுக்க இதாலை வரும். பத்து வருசம் நடந்தால் பாதை அவைக்கு உரித்தாப் போகுமெண்டு சொல்லுறாங்கள்" என்றார். பத்து வருட ஆட்சி உரிமை 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறதுதான். அனுமதிப்பத்திரக் காணியில் அது எவ்வளவு தூரம் எடுபடும் என்பது வேறு விசயம். பயம் நன்றாகவே எடுபடுகிறது. பொட்டு இருந்த காலத்தில் ஏன் இந்தப் பயம் இருக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். பொட்டை ஒரு நாளில் அடைக்கலாம், ஒரு நாளில் திறக்கலாம். குனிந்து போகிறவன் தான் மற்றவன் வளவுக்குள் போகிறேன் என்ற நினைப்போடு போவான். கொங்கிறீற்றுப் போட்ட பாதையில் ஒருவரும் குனிவதில்லை.

எப்படியோ இழுத்துப் பறித்துச் சம்மதம் வாங்கினேன். ஒரு தாளும் எழுதினோம்: இது தயவு வழி, உரிமை வழி இல்லை, இரு பகுதியும் விரும்பினால் அடைக்கலாம். கிராம சேவையாளர் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார், அது அவருடைய வேலை இல்லையாம். தாள் எங்கள் சுவாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மேசன் வந்து மதிலை வெட்டினார். இரண்டு பக்கமும் தூண் எழுப்பியாயிற்று. இரும்புப் படலை வெல்டிங் கடையில் தயாராக நிற்கிறது, மூன்று கிழமையாக. கொண்டி எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. தன்னுடைய பக்கம் என்கிறார் அண்ணை. கட்டின காசு என்னுடையது, என் பக்கம் என்கிறேன் நான். இரண்டு பக்கமும் வைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து வந்துதான் திறக்கவேண்டும் என்று மேசன் சொன்னார். அதுவரைக்கும் அந்த நாலடிக்கும் குறுக்கே ஒரு தகரம் சாத்தியிருக்கிறது. ஆடு வராமல். அம்மா நேற்றுப் பின்னேரம் அதை ஒருக்களித்து நகர்த்திப் போட்டு, கையில் மூடின கோப்பையோடு போனதை அடுப்படி யன்னலால் கண்டேன்.